முதலில் கையை நீட்டியவர்கள்

"ஊசி போட்டும் காய்ச்சல் வரலியே, அப்போ மருந்து வேலை செய்யலைன்னு அர்த்தமா?"

2021-ஆம் ஆண்டு ஊரிலிருந்து வந்த போன்களில் பாதி இந்தக் கேள்வியோடுதான் தொடங்கின. மீதிப் பாதி இதற்கு நேர் எதிர்: "ஊசி போட்ட ராத்திரியே 102 டிகிரி ஏறிடுச்சு, ஏதாவது கோளாறா இருக்குமோ?" திருநெல்வேலி அத்தைக்குக் காய்ச்சல் வரவில்லை என்று கவலை. மாமாவுக்கு வந்துவிட்டது என்று கவலை. ஒரே வீட்டில் இரண்டு கவலை. :-)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. இருபது வருஷத்துக்கும் மேலாக மும்பையில் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். ஆனால் நான் ஆபீஸ் போகிற வழியில் பரேல் இருக்கிறது. அங்கே கேஇஎம் மருத்துவமனைக்கும் டாடா புற்றுநோய் மருத்துவமனைக்கும் அருகில் ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட் என்று ஒரு பழைய கட்டிடம். டாடாவுக்கு வைத்தியத்துக்கு வரும் நம்மூர்க் குடும்பங்கள் பலபேர் அந்தக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நடந்திருப்பார்கள். யார் இந்த ஹாஃப்கின் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தவன், அத்தையின் கேள்விக்கு இந்த ஊரில் 124 வருஷ வரலாறு இருப்பதைப் பார்த்தேன். இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

1896, பம்பாய்

1896 செப்டம்பரில், துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் விசித்திரமான காய்ச்சல். தொடை இடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்டி, சில நாட்களிலேயே ஆள் போய்விடுகிறார். அக்காசியோ வியேகாஸ் என்ற கோவாக்கார டாக்டர், இது பிளேக் என்று முதலில் கண்டு சொன்னார். சில மாதங்களில் லட்சக்கணக்கானோர் பம்பாயைக் காலி செய்துவிட்டு ஊர் திரும்பினார்கள். 2020-இல் தாராவியிலிருந்தும் பிவண்டியிலிருந்தும் மூட்டை முடிச்சோடு நடந்தவர்களைப் பார்த்த நமக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

அரசாங்கம் பயந்துபோய் 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வீடு வீடாகச் சோதனை, நோயாளியைப் பிரித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போவது, ரயிலை நிறுத்தி அக்குளைத் தொட்டுப் பார்ப்பது. பெண்களையும் அப்படிச் சோதித்தபோது ஜனங்களின் கோபம் எல்லை மீறியது. பூனாவில் பிளேக் அதிகாரியாக இருந்த ராண்டை 1897 ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அதற்கும் முன்பே, 1896 அக்டோபரில், பம்பாய் ஆர்தர் ரோடு மருத்துவமனை மேல் கூட்டம் தாக்குதல் நடத்தியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் உயிரோடு திரும்ப முடியாது என்று வதந்தி.

இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் யார் தெரியுமா? டாக்டர்களும் நர்சுகளும் வார்டு ஊழியர்களும். ஜேஜே மருத்துவமனையின் டாக்டர் மேன்சர், பிளேக் நோயாளிகளைப் பார்த்துவந்தவர், தானும் தொற்றி இறந்தார். பூனாவில் சாவித்ரிபாய் புலே நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, தானும் பிளேக் கண்டு 1897 மார்ச் 10 அன்று காலமானார். பள்ளிக்கூடம் நடத்தியவர் என்றுதான் அவரை நாம் படித்திருக்கிறோம். அவர் உயிர் போனது நோயாளிகளுக்கு நடுவில்.

நெய்யில் வளர்ந்த மருந்து

இந்தக் களேபரத்தில்தான் வால்டெமார் ஹாஃப்கின் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். 1860-இல் ஒடெசாவில் பிறந்த யூதர். பாரிஸில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் உதவி நூலகராக உள்ளே நுழைந்து, அங்கேயே காலரா தடுப்பூசியை உருவாக்கினார். 1892 ஜூலை 18 அன்று அதை முதலில் தன் உடம்பில் போட்டுக்கொண்டார். 1893-இல் இந்தியா வந்து கல்கத்தாக் குடிசைப் பகுதிகளிலும் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தவரைத்தான், 1896 அக்டோபரில் அரசாங்கம் பம்பாய்க்கு அனுப்பியது.

இடம், ஜேஜே மருத்துவமனையை ஒட்டிய கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சின்ன அறையும் தாழ்வாரமும். உதவிக்கு ஒரு குமாஸ்தா, சில பியூன்கள். அவ்வளவுதான் ஆய்வுக்கூடம்.

மருந்து செய்த விதம் நம் வீட்டு அடுப்படி சமாச்சாரம் மாதிரி இருக்கும். இறைச்சிச் சாறு வைத்து அதன் மேல் நெய்த் துளிகளை மிதக்கவிட்டார். பிளேக் கிருமிகள் அந்த நெய்த் துளிகளைப் பற்றிக்கொண்டு விழுது விழுதாகக் கீழே தொங்கி வளர்ந்தன. நன்றாக வளர்ந்ததும் சூடுபடுத்திக் கிருமிகளைக் கொன்று, கெடாமல் இருக்கக் கொஞ்சம் கார்பாலிக் அமிலம் சேர்த்தார். மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ சேர்ந்தால் இந்த நாட்டில் யாரும் தொடமாட்டார்கள் என்று தெரிந்து, ஆட்டிறைச்சியைப் பயன்படுத்தினார்கள். இந்தக் கார்பாலிக் அமிலத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

முயல்களில் சோதித்தாயிற்று. மனிதனுக்கு? 1897 ஜனவரி 10 அன்று ஹாஃப்கின் தன் உடம்பிலேயே 10 சிசி ஏற்றிக்கொண்டார். பின்னாளில் பொதுமக்களுக்குப் போட்ட அளவைவிட இது மூன்று நான்கு மடங்கு. நல்ல காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் வலி. சில நாட்களில் எழுந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களைக் கூப்பிட்டார். கல்லூரியைச் சேர்ந்தவர்களும் வேறு சில தன்னார்வலர்களும் கையை நீட்டினார்கள்.

அந்த மாதக் கடைசியில் பைகுல்லா சிறைக்குள் பிளேக் நுழைந்தது. கைதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஊசி, மீதிப்பேருக்கு இல்லை. ஊசி போட்ட நாளிலேயே நோய் கண்டிருந்தவர்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டுப் பார்த்தால், ஊசி போடாதவர்களில் 12 பேருக்கு பிளேக் வந்தது, 6 பேர் இறந்தார்கள். போட்டுக்கொண்டவர்களில் 2 பேருக்கு வந்தது, இருவரும் பிழைத்தார்கள்.

கைதிகள் தாங்களாக முன்வந்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கம்பிக்குள் இருக்கிறவன் சொல்லும் "சம்மதம்" எவ்வளவு தூரம் சம்மதம் என்பதை இன்றைக்கு நாம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்று. அந்தக் கைதிகளின் கைகள் இல்லையென்றால், அடுத்து ஊசி போட்டுக்கொண்ட யாருக்கும் நம்பிக்கை வந்திருக்காது. அவர்கள் பெயர் எந்தக் கட்டிடத்திலும் இல்லை.

காய்ச்சல் ஏன் வருகிறது?

இப்போது அத்தையின் கேள்விக்கு வருவோம். ஹாஃப்கின் காலத்தில் காய்ச்சலை ஒரு அளவுகோலாகவே வைத்திருந்தார்கள். ஊசி போட்டதும் உடம்பு நன்றாகச் சூடேறினால் மருந்தில் வீரியம் இருக்கிறது, ஏறாவிட்டால் அளவு போதவில்லை. அந்தக் காலத்தில் உடம்புக்குள் நடப்பதைப் பார்க்க வேறு கருவி இல்லை. தெர்மாமீட்டர்தான் இருந்தது.

இன்றைக்குத் தெரிந்ததை நம்ம மும்பை சொசைட்டிக் கணக்கில் சொல்கிறேன். கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் புது ஆளைப் பார்த்ததும் விசில் அடிக்கிறார். அது உடம்பின் முதல் கட்டக் காவல். யார் எவர் என்று பார்க்காது, சத்தம் போடும். அந்தச் சத்தம்தான் காய்ச்சல், உடம்புவலி, கை வீக்கம். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். அதே நேரத்தில் உள்ளே ஆபீஸில் இன்னொருவர் உட்கார்ந்து, வந்த ஆளின் போட்டோவை ரிஜிஸ்டரில் ஒட்டுகிறார். இதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த ரிஜிஸ்டர்தான் ஆன்டிபாடியும் நினைவு செல்களும். அடுத்த தடவை அதே ஆள் வந்தால் கேட்டிலேயே பிடித்துவிடலாம்.

சில சொசைட்டியில் வாட்ச்மேன் ஊரைக் கூட்டுவார். சிலதில் மெதுவாக ஒரு விசிலோடு சரி. போட்டோ ஒட்டுகிறவர் இரண்டு இடத்திலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார். ஆகவே காய்ச்சல் வராதவருக்கும் பாதுகாப்பு வரும். காய்ச்சல் வந்தது கோளாறும் இல்லை. வயதானவர்களுக்கு விசில் சத்தம் பொதுவாகக் குறைவு, இளவட்டங்களுக்கு அதிகம். கோவிஷீல்டு மாதிரி ஊசிகளில் முதல் டோஸுக்கு அதிகக் காய்ச்சலும், எம்ஆர்என்ஏ வகை ஊசிகளில் இரண்டாவது டோஸுக்கு அதிகக் காய்ச்சலும் வருவதைப் பார்த்திருக்கிறார்கள்.

1897-இல் இதையெல்லாம் விளக்க ஆள் இல்லை. ஊசி போட்ட ராத்திரி காய்ச்சலில் முனகுகிறவனைப் பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கிறான். மறுநாள் தெருவெல்லாம் கதை. ஊசி போட்டால் ஆண்மை போய்விடும், உடனே செத்துவிடுவான் என்று வதந்தி ஓடியது. இதற்குச் சட்டத்தால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் சொன்னது வேறு மாதிரி ஆட்கள். இஸ்மாயிலி கோஜாக்களின் தலைவரான ஆகா கான் அப்போது இருபது வயதை ஒட்டிய இளைஞர். தன் ஜனங்கள் முன்னால் பகிரங்கமாகவே ஊசி போட்டுக்கொண்டார். ஆய்வுக்கூடத்துக்குத் தன் பங்களாவையும் கொடுத்தார். அவர் நடமாடுவதைப் பார்த்து ஆயிரக்கணக்கான கோஜாக்கள் வந்தார்கள். சிப்பாய்களை வைத்து வீட்டைச் சோதித்துச் செய்ய முடியாததை, ஒரு ஆள் தன் சட்டைக் கையைச் சுருட்டிச் செய்துகாட்டினார்.

மல்கோவால்

கதை இத்தோடு முடிந்திருந்தால் நல்ல சினிமா. முடியவில்லை.

1899-இல் ஆய்வுக்கூடம் பரேலில் இருந்த பழைய கவர்னர் மாளிகைக்கு மாறியது. பஞ்சாபில் பிளேக் கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொண்டுபோக, லட்சக்கணக்கில் மருந்து கேட்டார்கள். வேகமாகத் தயாரிப்பதற்காகச் செய்முறையில் சில மாற்றங்கள். கார்பாலிக் அமிலத்தை விட்டுவிட்டு, சூடுபடுத்துவதை மட்டும் நம்பினார்கள்.

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் மல்கோவால் என்ற கிராமம், இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கிறது. அன்று 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஒரு குறிப்பிட்ட பாட்டிலிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேருக்கும் சில நாட்களில் தாடை இறுகியது. டெட்டனஸ். 19 பேரும் இறந்தார்கள்.

விசாரணைக் குழு கார்பாலிக் அமிலத்தைப் பிடித்துக்கொண்டது. பரேலிலேயே பாட்டிலுக்குள் அழுக்கு சேர்ந்துவிட்டது என்று முடிவு. ஹாஃப்கின் பதவியிலிருந்து நிறுத்தப்பட்டு 1904-இல் நாட்டை விட்டே போனார். ஆனால் அன்று மல்கோவாலில் நடந்தது வேறு. பாட்டிலைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்திருந்தது. மண்ணில்தான் டெட்டனஸ் கிருமி குடியிருக்கிறது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அதே இடுக்கியால் பாட்டிலின் கார்க்கை எடுத்தார்கள். இந்தச் சாட்சியம் அரசாங்கத்தின் கைவசமே இருந்தது. ஆனால் முழு விவரம் வெளியே வர வருஷங்கள் ஆயின.

மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் விடவில்லை. 1907 ஜூலையில் அவரோடு சேர்ந்து பத்து விஞ்ஞானிகள் லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதினார்கள். அந்த வருஷக் கடைசியில் ஹாஃப்கின் குற்றமற்றவர் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. அவர் மறுபடி இந்தியா வந்தார், ஆனால் கல்கத்தாவுக்கு. பரேல் திரும்பக் கிடைக்கவில்லை.

இதில் எனக்கு உறுத்துவது ஹாஃப்கினுக்கு நேர்ந்த அநியாயம் மட்டுமில்லை. 19 குடும்பங்களுக்கு உண்மையான காரணம் யாராவது போய்ச் சொல்லியிருப்பார்களா? விஷயத்தை ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் ஆளைத் தேடினார்கள். அந்த ஐந்து வருஷமும் பஞ்சாபில் பிளேக் லட்சக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோனது. ஊசி என்றாலே ஜனங்கள் ஓடினார்கள். இந்தியா முழுக்க அந்தப் பிளேக்கில் இறந்தவர்கள் மொத்தம் ஒரு கோடிக்கும் மேல்.

அப்போது அந்த ஊசி உண்மையில் பயன் தந்ததா? 1898-99-இல் விசாரித்த பிளேக் கமிஷன், ஹாஃப்கினின் கணக்குகளில் ஓட்டைகளைச் சுட்டிக்காட்டியது. ஆனாலும் ஊசி நோய் வருவதையும் சாவையும் கணிசமாகக் குறைக்கிறது, முழுப் பாதுகாப்பு மட்டும் தருவதில்லை என்றே சொன்னது. 1897 முதல் 1925 வரை பம்பாயிலிருந்து 2.6 கோடி டோஸ் போனது.

2021, அதே ஊர்

2021 ஜனவரி 16 அன்று நாடு முழுக்கக் கொரோனா தடுப்பூசி தொடங்கியது. முதல் வரிசை சுகாதாரப் பணியாளர்களுக்கு. டெல்லி எய்ம்ஸில் முதல் ஊசி ஒரு துப்புரவுப் பணியாளருக்கு. மும்பையில் கோவேக்சின் போடும் இடமாக ஜேஜே மருத்துவமனை இருந்தது. ஹாஃப்கின் நெய்த் துளியை மிதக்கவிட்ட அதே வளாகம்!

கோவேக்சினின் மூன்றாம் கட்டச் சோதனை முடிவு அப்போது வந்திருக்கவில்லை. போட்டுக்கொள்கிறவர்கள் தனியாக ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வாரங்களில் நாடு முழுக்கவே சுகாதாரப் பணியாளர்கள் தயங்கினார்கள். "படிச்சவங்களே பயப்படறாங்க" என்று டிவியில் கிண்டல். எனக்கு அது கிண்டலாகப் படவில்லை. நோயை நேரில் பார்த்தவர், மருந்தைப் பற்றிக் கேள்வி கேட்கத் தெரிந்தவர், கேட்கத்தானே செய்வார்?

எங்கள் மாடியில் கன்னியாகுமரி மாவட்டத்து நர்ஸ் அக்கா ஒருவர் இருக்கிறார். எங்கள் பெண்ணுக்கு அவர் பெரியம்மா. ஜனவரிக் கடைசியில் கோவிஷீல்டு போட்டுக்கொண்டார். ராத்திரி நடுக்கத்தோடு காய்ச்சல், மறுநாள் மத்தியானம் வரை படுக்கை. சாயங்காலம் என் மனைவி கஞ்சி கொண்டுபோனபோது எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"எப்படிக்கா துணிஞ்சு போட்டீங்க?" என்று கேட்டேன்.

"துணிச்சல் என்ன தம்பி, போன வருஷம் பிபிஇ போட்டுகிட்டு எட்டு மணி நேரம் நின்னதைவிட இது பெரிசா? ஆனா பயம் இருந்தது. எங்க வார்டுல எல்லாரையும் ஒரே நாள்ல அனுப்பலை. காய்ச்சல்ல எல்லாரும் ஒண்ணா விழுந்துட்டா நோயாளியை யார் பார்க்கிறது? அதான் பாதிப்பாதியா. முதல்ல போனவங்க திரும்பி வந்து டியூட்டியில நிக்கறதைப் பார்த்துதான் அடுத்த பாதி போச்சு."

இதைக் கேட்டபோது எனக்கு பைகுல்லா ஞாபகம் வந்தது. ஊசி வேலை செய்கிறதா என்று நமக்குச் சொன்னது இவர்கள் உடம்பு.

அந்தக் கணக்கும் வந்தது, அதுவும் நம் வேலூரிலிருந்து. சிஎம்சி மருத்துவமனையில் சுமார் 10,600 ஊழியர்கள். 2021 ஜனவரி 21 முதல் ஏப்ரல் 30 வரை 8,991 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். பெரும்பாலும் கோவிஷீல்டு. அந்தச் சமயத்தில்தான் இரண்டாவது அலை வந்து நாட்டையே உலுக்கியது. இரண்டு டோஸ் போட்டவர்களுக்குத் தொற்றிலிருந்து 65 சதவீதம், ஆஸ்பத்திரியில் சேரும் நிலையிலிருந்து 77 சதவீதம், ஆக்சிஜன் தேவைப்படுவதிலிருந்து 92 சதவீதம், ஐசியு போவதிலிருந்து 94 சதவீதம் பாதுகாப்பு கிடைத்ததாக அவர்களே ஆய்வுக் கட்டுரையில் எழுதினார்கள்.

இந்த நாலு எண்களை ஒரு தடவை திரும்பப் படியுங்கள். நோய் முற்ற முற்றப் பாதுகாப்பு ஏறுகிறது. "ஊசி போட்டும் கொரோனா வந்துச்சே" என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். வந்தது, ஆனால் மூச்சுத் திணற வைப்பது வெகுவாகக் குறைந்தது. ஹாஃப்கினின் ஊசிக்கு பிளேக் கமிஷன் சொன்ன அதே முடிவு.

ஆன்டிபாடி எவ்வளவு வந்தது என்றும் பார்த்தார்கள். பல மாநிலங்களில் இரண்டு டோஸ் போட்ட 515 சுகாதாரப் பணியாளர்களின் ரத்தத்தைச் சோதித்த ஓர் ஆய்வில் 95 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. கோவிஷீல்டு போட்டவர்களில் 98 சதவீதம், கோவேக்சின் போட்டவர்களில் 80 சதவீதம். உடனே "உன் ஊசி பெரிசா என் ஊசி பெரிசா" என்று வாட்ஸப்பில் சண்டை. அந்த ஆய்வு அளந்தது ரிஜிஸ்டரின் ஒரு பக்கத்தை மட்டும். நினைவு செல்கள் அந்தச் சோதனையில் தெரியாது. ஆன்டிபாடி எண்ணை மட்டும் வைத்து யாருக்கு நோய் வராது என்று சொல்லிவிட முடியாது.

நார்வேயில் ஐந்து பேர்

இவ்வளவு சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்லாமல் விட்டால் நானும் ஃபைலை மூடிவைத்த ஆள் ஆகிவிடுவேன்.

2021 மார்ச்சில் நார்வேயின் ஆஸ்லோவில் ஐந்து பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஐவரும் சுகாதாரப் பணியாளர்கள், 32 முதல் 54 வயதுக்குள். ஆஸ்ட்ராஜெனகா ஊசி, அதாவது நம் கோவிஷீல்டின் அதே மருந்து, போட்டு 7 முதல் 10 நாள் ஆகியிருந்தது. ரத்தக் குழாய்களில் உறைகட்டி. விசித்திரம் என்னவென்றால், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அவர்களுக்குக் குறைந்துபோயிருந்தன. மூன்று பேர் இறந்தார்கள்.

காரணம் சில வாரங்களிலேயே தெரிந்தது. உடம்பு வைரஸுக்கு எதிராகப் போட வேண்டிய போட்டோவுக்குப் பக்கத்தில், தவறுதலாகத் தன் வீட்டு ஆளின் போட்டோவையும் ஒட்டிவிடுகிறது. தட்டணுக்களிலிருந்து வரும் ஒரு புரதத்துக்கு எதிராகவே ஆன்டிபாடி உருவாகி, அது உறைதலைக் கிளப்பிவிடுகிறது. மிக அரிது, ஐரோப்பாவில் லட்சம் பேருக்கு ஒன்றிரண்டு. இந்தியாவில் 2021 மே மாதம் அரசுக் குழு சொன்ன கணக்கு, பத்து லட்சம் டோஸுக்கு 0.61. புகார் பதிவாகும் முறை நாட்டுக்கு நாடு வேறு என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

நார்வே உடனே அந்த ஊசியை நிறுத்தியது. டாக்டர்கள் ஒரு மாதத்துக்குள் எல்லா விவரத்தையும் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதைப் படித்து மற்ற நாடுகள் இளவயதுக்காரர்களுக்கு வேறு ஊசி என்று மாற்றிக்கொண்டன. இந்தச் சிக்கல் வந்தால் என்ன மருந்து கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கக் கூடாது என்பதும் உலகத்துக்குத் தெரிந்தது. மல்கோவாலில் ஐந்து வருஷம் ஆனது, இங்கே ஒரு மாதம். அந்த ஐந்து பேரின் துயரம் வீணாகவில்லை என்றால், காரணம் யாரும் அதை மறைக்கவில்லை என்பதுதான்.

2024-இல் இது மறுபடி வெடித்தது. பிரிட்டிஷ் கோர்ட்டில் ஆஸ்ட்ராஜெனகா இந்த அரிய விளைவை ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்து, மே மாதம் உலகம் முழுக்க ஊசியை விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். தேவை குறைந்ததே காரணம் என்று கம்பெனி சொன்னது. அந்த வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரே அமர்க்களம். "நாமெல்லாம் அதைத்தானே போட்டோம், இனி ஹார்ட் அட்டாக் வருமா?" நர்ஸ் அக்காவைத்தான் பேசச் சொன்னேன். அவர் சொன்னது ரொம்ப எளிமை: "இந்தக் கோளாறு வந்தா ஊசி போட்ட சில வாரத்துல வந்துடும் தம்பி. மூணு வருஷம் கழிச்சு அதுக்காகப் பயந்துகிட்டு உக்கார வேண்டாம்னு சொல்லு. சுகர், பிபியை ஒழுங்காப் பார்க்கச் சொல்லு."

கடைசியாக

இந்த 124 வருஷக் கதையில் எனக்குப் புரிந்தது இதுதான். ஊசி மேல் வரும் நம்பிக்கைக்கு விளம்பரமோ சட்டமோ போதவில்லை. முதலில் யாரோ ஒருவர் கையை நீட்டுகிறார், தனக்கு வந்த காய்ச்சலையும் மறைக்காமல் சொல்கிறார், அதிலிருந்து நம்பிக்கை வருகிறது. "ஒண்ணும் ஆகாது, சும்மா போடு" என்று சொல்வதைவிட, "ராத்திரி காய்ச்சல் வரலாம், ரெண்டு நாள்ல போயிடும், மூச்சுத் திணறலோ விடாத தலைவலியோ காலில் வீக்கமோ வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்கிறவரைத்தான் ஜனங்கள் கடைசியில் நம்புகிறார்கள்.

1897-இல் போட்ட அந்தத் தொற்றுநோய்ச் சட்டத்தை 2020-இல்தான் திருத்தினார்கள். சுகாதாரப் பணியாளர்களைத் தாக்கினால் ஜாமீனில் வரமுடியாத குற்றம், பலத்த காயம் ஏற்படுத்தினால் ஏழு வருஷம் வரை சிறை. ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரி மேல் கல் விழுந்து 124 வருஷம் கழித்து வந்த திருத்தம்.

நம்மூர்ப் பெண்கள் எத்தனை ஆயிரம் பேர் மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் ஆஸ்பத்திரி வார்டுகளில் நிற்கிறார்கள்! உங்கள் அபார்ட்மெண்டிலும் ஒரு நர்ஸ் அக்காவோ லேப் டெக்னீஷியன் தம்பியோ இருப்பார். அடுத்த தடவை பார்க்கும்போது, 2021 ஜனவரியில் ஊசி போட்ட ராத்திரி எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மார்ச்சில் நாம் தைரியமாக ஊசி போட முடிந்ததற்குக் காரணம் அந்த ராத்திரிகள்தான்.

கொசுறு: பரேல் மாளிகையைக் கவர்னர்கள் கைவிட்டதற்கும் ஒரு நோய் காரணம். 1882-இல் கவர்னர் ஃபெர்குசனின் மனைவி அங்கே காலராவில் இறந்தார். பாரிஸில் அந்தக் காலரா தடுப்பூசி உருவானது அதற்குப் பத்து வருஷம் கழித்து. அதைச் செய்தவரின் பெயர்தான் 1925-லிருந்து அந்தக் கட்டிடத்துக்கு.